காசில்லாமல் ஒரு சமூக அறிவியல் ஆய்வு: சாத்தூர்ப் பக்கத்து அனுபவம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஆர்ட்டிகிள் எல்லாம் எங்கே ஃப்ரீயா எடுத்தீங்க?" என்பதுதான். சொல்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கட்டுரைக்கு முன்னால் தரவைத் தேட வேண்டும். தரவுக்கும் முன்னால், அதைச் சேகரிக்கப் போனவர் கையில் இருந்த கேள்வித்தாளைத் தேட வேண்டும். மூன்றுமே இன்றைக்குப் பைசா கட்டாமல் கிடைக்கின்றன. பலரும் கடைசியில் இருப்பதை முதலில் தேடி, முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே ஆய்வேட்டைக் கட்டிவிடுகிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களில், சாத்தூர் சிவகாசிப் பக்கம், பெண்கள் செய்யும் வேலை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, காட்டு வேலை, நூறு நாள் வேலை, வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவது என்று ஒரே பெண் ஒரே வருஷத்தில் இத்தனையும் செய்வார். நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தவள். எங்கள் நூலகத்தில் வெளிநாட்டு ஆய்விதழ் மருந்துக்கும் கிடையாது. உதவித்தொகையும் இல்லை. அதனால் கீழே சொல்லும் எல்லாமே வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு எடுத்தவைதான்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கு ஊர் வாரியாக எக்செல் கோப்பாகவே அரசு இணையதளத்தில் கிடக்கிறது. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இரண்டு பாகம். ஒன்றில் ஊரில் என்ன வசதி இருக்கிறது என்ற விவரம், இன்னொன்றில் தலைக்கணக்கு. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆகவே இன்று எழுதுகிற யாரும் பழைய எண்ணைத்தான் கையாள வேண்டியிருக்கிறது. அதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டே தீருவார்கள்.

உங்கள் ஊரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. கோப்பு ஆங்கிலத்தில் இருக்கும். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டிருப்பார்களா, வெறும் எல் போட்டிருப்பார்களா, நடுவில் ஒரு ஐ விட்டுப்போயிருக்குமா என்று எதையும் நம்ப முடியாது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளிலேயே ஒரே ஊரின் பெயர் வேறு வேறு எழுத்தில் இருக்கும். பெயரை முழுதாக அடித்துத் தேடாமல் நடுவில் மாறாத நாலு எழுத்தை மட்டும் அடித்துத் தேடினால் பெரும்பாலும் மாட்டிவிடும். அப்புறம், நீங்கள் ஊர் என்று சொல்வது கணக்கெடுப்பில் ஊராகவே இல்லாமல் இருக்கலாம். அவர்கள் கணக்குக்கு வருவாய்க் கிராமம்தான் ஊர். காலனியும் பக்கத்துப் பட்டியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஊராட்சி எல்லை வேறு. ஊராட்சிக் கணக்கையும் வருவாய்க் கிராமக் கணக்கையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பியிருக்கும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளாட்சிக் குறியீட்டு அடைவு என்று மத்திய அரசின் தளம் ஒன்று இருக்கிறது. எந்த வருவாய்க் கிராமம் எந்த ஊராட்சியில் வருகிறது என்பதை அதில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய கணக்குக்குப் போனால் இன்னொரு சிக்கல். சாத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதற்குப் போனது. 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமானபோது இங்கே வந்தது, அதுவும் கொஞ்ச காலம் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில். இது தெரியாமல் 1901-க்கும் 1921-க்கும் விருதுநகர் என்று தேடினால் ஒரு நகரத்தின் பெயர்கூடக் கிடைக்காது, ஏனென்றால் அப்போது அது விருதுபட்டி. மாவட்ட விவரங்களைத் தொகுத்து அரசு வெளியிட்ட கெஜட்டியர்களிலும் இதே கூத்துதான். பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் 1917-இல் வந்தது, அதற்குள் சாத்தூர் ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது. பிரான்சிஸ் எழுதிய மதுரை கெஜட்டியர் 1906-இல் வந்தது, அப்போது சாத்தூர் மதுரையில் இல்லை. ராமநாதபுரத்துக்கென்று கெஜட்டியர் வந்தது 1972-இல்தான். ஆகவே எங்கள் வட்டாரத்துக்குப் பழைய விவரம் வேண்டுமென்றால் ஸ்டூவர்ட் 1879-இல் தொகுத்த திருநெல்வேலி மானுவலுக்குத்தான் போக வேண்டும். மேலே சொன்ன பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு பிறப்புச் சரித்திரம் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38.

சரி, எண் கிடைத்துவிட்டது. அது என்ன சொல்கிறது? வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுநிலைத் தொழிலாளி. தொழில் வகை நாலே நாலு: பயிரிடுபவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் பெண் அந்த "மற்றவை"யில் இருக்கிறார். அவரோடு பள்ளிக்கூட டீச்சரும் பஸ் கண்டக்டரும் டீக்கடைக்காரரும் அதே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் "மற்றவை" ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, படித்த வேலைகள் பெருகிவிட்டன என்று ஒருவர் ஆய்வேட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு நாள் காலையில் அந்த ஊர் முக்கில் வந்து நிற்கும் பட்டாசு ஆபீஸ் வேனைப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

தொழில் விவரம் நுணுக்கமாக வேண்டுமென்றால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்தால் தனித்தனி வீடு, தனித்தனி ஆள் அளவிலான தரவே கிடைக்கும். பெயர் முகவரி நீக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 2017-18 முதல் வேலை பற்றிய கணக்கு காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்ற பெயரில் வருகிறது. நம் ஆட்கள் இதைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம், இறக்கியதும் வருவது ஒரு எக்செல் அட்டவணை அல்ல. முழுக்க எண்களால் நிரம்பிய ஒரு உரைக்கோப்பு. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வயது, எது வேலைக் குறியீடு என்று சொல்லும் அமைப்புக் கோப்பு கூடவே இருக்கும். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் படித்துவிடலாம்.

ஆனால் உரைக்கோப்பைத் தொடும் முன் அதே பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றைப் படியுங்கள்: களப் பணியாளர்களுக்கான அறிவுறுத்தல் கையேடு. நீளமானது, சுவாரசியமே இல்லாத நடை. என் ஆய்வில் உருப்படியாகச் சொன்ன விஷயம் பாதிக்கு மேல் அதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் தெருவில் ஒரு மதினி இருக்கிறார். ஏஜென்ட் கொண்டுவந்து போடும் அட்டையை மடக்கிப் பசை தடவிப் பெட்டி ஒட்டுவார். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. அட்டையும் பசையும் ஏஜென்டுடையது. கூலியை நிர்ணயிப்பதும் அவர்தான். நாளைக்கு அட்டை வராவிட்டால் மதினிக்குக் கேட்க நாதியில்லை. இவரை நீங்களும் நானும் கூலித் தொழிலாளி என்போம். கையேட்டின்படி வீட்டிலிருந்தபடி பிறருக்குச் செய்து கொடுப்பவர் சுயதொழில் செய்பவர். குறியீடு 11. கூலிக்கு ஆள் வைக்காமல் தானே மளிகைக் கடை நடத்துபவருக்கும் அதே 11. பெண்களிடையே சுயதொழில் பெருகிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு மதினியின் கையில் ஒட்டியிருக்கும் பசைதான் நினைவுக்கு வரும்.

அட்டை வராத மாதங்களில் அவர் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறார், விறகு பொறுக்குகிறார், தண்ணீர் எடுக்கிறார். ஆடு அவருடையது என்றால் அது வேலையில் சேர வேண்டும். கேட்கிறவர் துருவிக் கேட்டால் சேரும், மேலோட்டமாகக் கேட்டால் குறியீடு 92, அதாவது வீட்டு வேலை மட்டும். விறகும் சாணியும் சேகரிப்பதைச் சொன்னால் 93. இந்த 92-ம் 93-ம் உழைப்புப் படைக்கு வெளியே இருப்பவர்கள், அதாவது வேலை செய்பவராகவோ வேலை தேடுபவராகவோ எண்ணப்படாதவர்கள். 2011-12-இல் நடந்த 68-ஆவது சுற்றில் இந்த இரண்டு குறியீட்டுப் பெண்களிடமும் தனியாக ஒரு தொகுதிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்: கோழி வளர்க்கிறீர்களா, விறகு பொறுக்குகிறீர்களா, வீட்டிலேயே வேலை கொடுத்தால் செய்வீர்களா என்று. அந்தத் தரவும் இலவசம்தான். பெண்கள் வேலையைப் பற்றி எழுதுபவர்கள் அதைத் திறக்காமல் விடுவது பெரிய நஷ்டம். அதோடு காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2019-இல் நடந்ததன்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளைக்குச் சராசரி 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் அது 289, 88. ஐந்து வருஷத்தில் இரண்டு பேருக்கும் பத்து நிமிடம்போலக் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெருக்கி இருக்கும், அதாவது அந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண். அதை நூறால் வகுப்பதா இருநூறால் வகுப்பதா என்று கூடவே வரும் குறிப்புக் கோப்பில் எழுதியிருக்கும். பெருக்கி போடாமல் தலையை எண்ணிச் சதவீதம் போட்டால் அது யாருடைய சதவீதமும் அல்ல. கணக்கு சரியாக வந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. அரசு அறிக்கையில் அச்சிட்டிருக்கும் ஏதாவது ஒரு மாநில எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். அது அப்படியே வந்தால்தான் மேலே போக வேண்டும். இரண்டாவது, தரவில் மாவட்டக் குறியீடு இருக்கிறது என்பதற்காக மாவட்ட அளவில் முடிவு சொல்லாதீர்கள். பழைய சுற்றுகளில் ஒரு மாவட்டத்துக்கு விழுந்த மாதிரி ஊர்கள் மிகச் சொற்பம். 2025 ஜனவரியிலிருந்துதான் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரியை மாற்றி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது.

இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பையும் சொல்ல வேண்டும். 2004-05-இல் 41,554 வீடுகளுக்குப் போய், 2011-12-இல் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பவும் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கணவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்பதுபோன்ற கேள்விகள் எல்லாம் அதில் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகத்தில் பதிவு செய்து இறக்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மூலத்தரவு அமெரிக்க நிதியில் நடந்த டிஎச்எஸ் என்ற அமைப்பின் தளத்தில் இருந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அந்தத் திட்டமே நின்றது, புதிதாகத் தரவு கேட்டவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கு முந்தைய மாதம்வரை யாரும் அப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை. நம் அரசுத் தளங்களும் நினைத்தால் முகவரியை மாற்றிவிடும், பழைய இணைப்பு செத்துப்போகும். எனவே கண்ணில் பட்டதும் இறக்கிவிடுங்கள். தரவோடு கேள்வித்தாளையும் கையேட்டையும் அதே கோப்புறையில் போட்டு, எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு சிறு குறிப்பையும் எழுதி வையுங்கள். செத்துப்போன இணைப்பை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டிப் பார்த்தால் பல நேரம் உயிரோடு கிடைக்கும்.

பொருளியல்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இரண்டு இடம்: நீதிமன்றமும் நாடாளுமன்றமும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பு, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. இந்தியன் கானூன் தளத்தில் முழுத் தீர்ப்பும் இலவசமாக இருக்கிறது. தீர்ப்பின் முடிவைவிட, அதற்குள் மேற்கோள் காட்டப்படும் குழு அறிக்கைகளும் அரசின் வாக்குமூலங்களும்தான் நமக்குத் தேவை. வேறு எங்கும் அச்சில் வராத விவரமெல்லாம் அங்கே இருக்கும். நாடாளுமன்றக் கேள்வி பதிலும் அப்படித்தான். எம்.பி. ஒருவர் மாவட்ட வாரியாக விவரம் கேட்டிருப்பார், அமைச்சர் இணைப்பாக அட்டவணையே வைத்திருப்பார்.

நூறு நாள் வேலைத் தளத்தில் நான் ஆய்வு செய்த காலத்தில் ஊராட்சி அளவில் வருகைப் பட்டியல்கூடத் திறந்தே இருந்தது. எந்த வாரம் எத்தனை பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதைப் பட்டாசு சீசனோடு பொருத்திப் பார்க்க அது உதவியது. ஆனால் அதில் ஆட்களின் பெயர் அப்படியே இருக்கும். பொதுவெளியில் இருக்கிறது என்பதற்காக அதைப் பின்னிணைப்பில் ஒட்டக் கூடாது. நான் இறக்கிய உடனேயே பெயர்ப் பத்தியை நீக்கிவிட்டுத்தான் கோப்பைச் சேமித்தேன். ஊர்க்காரர்கள் நம்மை நம்பி வீட்டுக்குள் விடுகிறவர்கள். அவர்கள் எந்த நாள் வேலைக்கு வரவில்லை என்பது நம் ஆய்வேட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை.

பழைய ஆவணம் என்று வந்தால் எனக்கு அடித்த அதிர்ஷ்டத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். 1918-இல் அது புத்தகமானது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று போகும் அந்த வரிசையில் சிவகாசிப் பக்கத்து வடமலாபுரமும் ஒன்று. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கியது 1923-இல். அதாவது தீப்பெட்டி வருவதற்கு முந்திய ஊரின் படம் நமக்குக் கையில் இருக்கிறது! 1937-இல் மறுபடியும் போய்ப் பார்த்து 1940-இல் வெளியிட்டார்கள். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் இன்னொரு முறை போனார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கணக்கு உலகத்திலேயே அபூர்வம், அது எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை. முதல் இரண்டு தொகுதியும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால் கிடைக்கும். 1961 கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குத் தனித்தனி நூல் போட்டார்கள், கணக்கெடுப்புத் துறையின் மின்னூலகத்தில் அவை இருக்கின்றன. உங்கள் வட்டாரத்து ஊர் ஏதாவது சிக்குமா என்று ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

ஆர்க்கைவில் தேடுவதற்கு ஒரு யுக்தி. இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிய புத்தகங்களின் தலைப்பைத் தட்டச்சு செய்தவர்கள் மனம் போனபடி அடித்திருக்கிறார்கள். ஆண்டும் தப்பாக இருக்கும். தலைப்பில் தேடிக் கிடைக்காவிட்டால் உள்ளடக்கத் தேடலைத் தேர்ந்து ஊர்ப் பெயரையே அடித்துப் பாருங்கள், அதுவும் வெள்ளைக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டில். தென்னாசிய ஆவணங்களைத் திறந்த முறையில் வைத்திருக்கும் ஒரு தொகுப்பு, ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்திலேயே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் இம்பீரியல் கெஜட்டியரும் பழைய புள்ளிவிவரச் சுருக்கங்களும் உண்டு. மலையகம், இலங்கைத் தமிழர் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம் ஒரு பொக்கிஷம். நாளிதழ், சங்க மலர், துண்டுப் பிரசுரம் வரை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

தமிழ் அரசு ஆவணங்களில் ஒரு தலைவலி உண்டு. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அருமையான மூலம். ஆனால் பழையவற்றிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ வரும். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கோப்பு கெட்டுப்போகவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டால் யூனிகோடாக மாறிவிடும். ஸ்கேன் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறங்கள், தமிழை நன்றாகவே படிக்கிறது. பெரிய கோப்பைச் சிறு சிறு துண்டாக வெட்டித்தான் ஏற்ற வேண்டும். அட்டவணைகளை மட்டும் நம்பாதீர்கள், எண்களைக் கண்ணால் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இனி அந்த ஆர்டிகிள் கேள்வி. நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால் முதலில் நூலகரிடம் போய் "ஒரே நாடு ஒரே சந்தா" கணக்கு போட்டாயிற்றா என்று கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டம். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய மாநில அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இது தெரியாமல் வெளியே அலைகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைப்போலத் தனியாரில் இருப்பவர்களுக்கு முதல் கட்டத்தில் அது கிடையாது, வேறு வழி பார்க்க வேண்டும். ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை திரையில் படிக்கலாம். அன்பேவால் என்ற நீட்டிப்பை உலாவியில் சேர்த்துவிட்டால், பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்த வரைவு பல நேரம் கிடைக்கும். எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே எழுதலாம். நாலு வரியில், நான் இன்னார், இதை ஆய்வு செய்கிறேன், உங்கள் கட்டுரை வேண்டும் என்று. கட்டுரை விற்ற காசில் அவருக்கு ஒன்றும் போவதில்லை, அனுப்பத் தயங்க மாட்டார். எனக்கு அனுப்பிய ஒரு பேராசிரியர் கூடவே தன் களக் கேள்வித்தாளையும் அனுப்பினார், கேட்காமலே.

ஆனால் தமிழ்நாட்டைப் பற்றிய நல்ல எழுத்து பலவும் விலையுயர்ந்த ஆய்விதழ்களில் இல்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத்தாள்கள், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆய்வுத்தாள்கள், வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை நடத்தும் திறந்த ஆய்விதழ் எல்லாம் இலவசம். ஸ்லேட்டர் பார்த்த ஊர்கள் பின்னால் எப்படி மாறின என்ற எழுத்துகளையும் இவற்றில் தேடிப் பாருங்கள். பாரி தளத்தின் கிராமப்புறச் செய்திக் கட்டுரைகள் தமிழிலும் வருகின்றன. அதன் நூலகப் பிரிவில் அரசு அறிக்கைகளைச் சுருக்கத்தோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள், பலருக்கும் இது தெரியாது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தை எல்லோரும் அறிவீர்கள். ஒரு ஆய்வேட்டைத் திறந்தால் முகப்பு, சான்றிதழ், நன்றியுரை, அத்தியாயம் என்று எல்லாம் தனித்தனிக் கோப்பாக எண் போட்டு வரிசையாகக் கிடக்கும். முதலில் கடைசியில் இருக்கும் கோப்புகளைத் திறங்கள். நூற்பட்டியலும் கேள்வித்தாளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்கள் தலைப்பில் எழுதிய நாலைந்து பேரின் பட்டியலை அருகருகே வைத்தால் எல்லோரும் படித்தது எது, ஒருவருமே தொடாதது எது என்று தெரிந்துவிடும். அத்தியாயங்களை மேற்கோளுக்கு எடுக்குமுன் யோசியுங்கள், தரம் ஒரே மாதிரி இருக்காது.

வாட்ஸாப்பில் "ஒரே வாரத்தில் பப்ளிகேஷன்" என்று வரும் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் தான் ஏற்கும் ஆய்விதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. இனி எந்த ஆய்விதழ் நல்லது என்று பார்ப்பது நம் தலையில் விழுந்த வேலை. திறந்த ஆய்விதழ் அடைவில் (டிஓஏஜே) அது இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே தங்கள் பக்கத்தில் அதைச் சொல்கிறார்களா, பழைய இதழ்களில் வந்த கட்டுரைகள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி கழிந்துவிடும். ஏஐயிடம் நூற்பட்டியல் கேட்கிறவர்களுக்கும் இதே வேலைதான். அது கொடுக்கும் தலைப்பை, கட்டுரைகளின் பதிவுகளை வைத்திருக்கும் கிராஸ்ரெஃப் தளத்தின் தேடலில் போடுங்கள். அங்கே வராவிட்டால் ஸ்காலரிலும் நூலகப் பட்டியலிலும் பாருங்கள். எங்குமே இல்லையென்றால் அப்படி ஒரு கட்டுரையே எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேர்த்ததை அடுக்கவும் நூற்பட்டியல் போடவும் ஸோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வரும், நம் இனிஷியல் பெயர்கள் அதில் படாத பாடு படும். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் ஒற்றைப் பெட்டியாக மாறிவிடும், தமிழ்ப் பெயர்களை அதில் முழுதாக அடியுங்கள். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ். ஷ்ரக் என்ற திறந்த தரவுத் தொகுப்பில் 1991, 2001, 2011 கணக்கெடுப்புகளை ஊர் ஊராகப் பொருத்தியே வைத்திருக்கிறார்கள். நான் கையால் செய்த வேலையில் பெரும்பகுதியை அது மிச்சப்படுத்தியிருக்கும். நேர்காணல்களைக் குறியிட்டுப் பிரிக்க டாகெட் என்ற இலவச மென்பொருள், தமிழ் எழுத்தைச் சிக்கலில்லாமல் ஏற்கிறது.

லேப்டாப் இல்லை, மொபைல் மட்டும்தான் என்று சொல்லும் மாணவிகள் எங்கள் கல்லூரியில் பாதிப் பேர். அறிக்கை படிப்பது, தீர்ப்பு படிப்பது, ஊர்க் கணக்கெடுப்பு எக்செலைத் திறந்து தங்கள் ஊரைப் பார்ப்பது எல்லாம் மொபைலிலேயே முடியும். களக் கேள்வித்தாளை கோபோ டூல்பாக்ஸில் தயாரித்து, நெட் இல்லாத ஊரிலும் மொபைலில் நிரப்பிக்கொண்டு வரலாம். தனிநபர் தரவுக் கோப்புகள் மட்டும் மொபைலுக்கு அடங்காது. அதற்குக் கல்லூரிக் கணினி அறையில் ஒரு மதியம் உட்கார்ந்து கோப்புகளை கூகுள் டிரைவில் ஏற்றிவிடுங்கள். கணினியில் எதையும் நிறுவ அனுமதி வேண்டியதில்லை. கூகுள் கோலாபில் ஆர் மொழியைத் தேர்ந்து உலாவியிலேயே கணக்குப் போடலாம். அறை பூட்டியபின் மிச்சத்தை வீட்டுக்கு வந்து மொபைலில் திறந்து பார்த்தால், எழுத்து பொடியாகத் தெரிந்தாலும், வேலை ஓடுகிறது.